புள்ளி வெச்சாச்சு... அப்புறம் என்ன பயம்?

வாசல் தெளித்தாயிற்று. கையில் கோலமாவுக் கிண்ணம். எதிர்வீட்டு அக்கா 15 புள்ளியில் சிக்குக் கோலத்தை அநாயாசமாக இழுத்துக்கொண்டே, "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்கிறார். உங்களுக்கோ கை ஓடவில்லை. அவசரமாக ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் உள்ளே ஓடி வந்துவிடுகிறீர்கள்.

இப்படி உங்களுக்கு எத்தனை மார்கழி போனதோ! எனக்கு 11 போனது.

மதுரையில் பிறந்து, கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எட்டாவது படிக்கும்போது டிராயிங் வகுப்பில் நான் வரைந்த மயிலை உயரே தூக்கிக் காட்டி, "இது கோழியா, கொக்கா?" என்று கேட்டார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அன்றோடு, 'நமக்கு வரைய வராது' என்று மனசுக்குள் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அவர் அதை மதியமே மறந்திருப்பார். நான்தான் கட்டிக்கொண்டு அழுதேன்.

புகுந்த வீட்டில் அத்தை கோலத்தில் புலி. அவர் போடுவார், நான் தண்ணீர் வாளி தூக்குவேன். சௌகரியமான ஏற்பாடு! ஒரு கார்த்திகை மாதம் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மாவு கோட்டை விட்டு அங்கிட்டும் இங்கிட்டும் சிதறியது. "வயசாச்சுல்ல தாயி" என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் கோல ஸ்டிக்கர் வாங்கி வந்து நிலைப்படியில் ஒட்டினேன். 2 வருஷம் அதுதான் எங்கள் வீட்டுக் கோலம். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் காலையில் திண்ணைக்கு வந்து உட்காருவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு உறைக்கவே ரொம்ப நாளாயிற்று.

இங்கே ஒரு விஷயம். பெரியவர்களுக்குக் கை நடுங்கினால் 'வயசு' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். டம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும் வருகிற நடுக்கம் வேறு. கை சும்மா மடியில் கிடக்கும்போதே வருகிற நடுக்கம் வேறு. முதலாவது பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. இரண்டாவதோடு நடையும் மெதுவாகிப்போனால் பார்க்கின்சன் நோயா என்று பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், சில மருந்துகளாலும்கூட கை நடுங்கலாம். டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். அத்தைக்கு வந்தது முதல் வகை. மாத்திரையில் டம்ளர் பிடிக்கிற அளவுக்குக் கட்டுப்பட்டது. கோலம் போடுகிற அளவுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குக் கைதானே போச்சு, வாய் போகலையே. நீ உக்காரு" என்றார்.

ஐந்தே புள்ளி

அத்தை பெரிய கோலத்தில் ஆரம்பிக்கவில்லை. நடுவில் ஒரு புள்ளி. மேலே, கீழே, இடது, வலது பக்கம் ஒவ்வொன்று. மொத்தம் 5. ஒரே கோட்டில் முடிக்க வேண்டும். நீங்களும் ஒரு சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்களேன்!

மேல் புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் ஆரம்பியுங்கள். மேல் புள்ளியின் வலப்பக்கமாக ஏறி, தலையைச் சுற்றி, இடப்பக்கமாக இறங்கி, ஆரம்பித்த இடத்தையே வெட்டிக்கொண்டு வலது கீழாக வாருங்கள். நடுப்புள்ளிக்கும் வலது புள்ளிக்கும் இடையில் புகுந்து, வலது புள்ளியின் அடியில் போய், சுற்றி, மேலாகத் திரும்பி, வந்த கோட்டை வெட்டிக் கீழ்ப்புள்ளிக்கு இறங்குங்கள். இதே மாதிரி கீழ்ப்புள்ளி, இடது புள்ளி. கடைசியில் கோடு தானாகவே ஆரம்பித்த இடத்துக்கு வந்து நிற்கும். நாலு இதழ்ப் பூ!

சட்டம் மூன்றுதான். எந்தப் புள்ளியும் விட்டுப்போகக் கூடாது. புள்ளி மேல் கோடு ஏறக் கூடாது. கோடு அந்தரத்தில் நிற்கக் கூடாது. இதில் 'அழகாக இருக்க வேண்டும்' என்று ஒரு சட்டம் இல்லை, கவனித்தீர்களா?

அந்த ஐந்து புள்ளியை மட்டுமே 9 நாள் போட்டேன். முதல் நாள் வந்தது பூ இல்லை, கசங்கிய புரோட்டா. அழிக்கப் போனேன். "அழிக்காதத்தா. அழிச்சு அழிச்சுப் போட்டா கை பயந்துக்கிரும்" என்றார் அத்தை. எங்கள் தெருவில் விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் வந்து கோலத்தின் மேலேயே ஏறிப் போய்விடும். ஆனி, ஆடியிலோ தேனிப்பக்கத்துக் காற்று மாவைத் தரையில் தங்கவே விடாது. எப்படியும் அரை நாளில் போகப்போவதை நாம் வேறு எதற்கு அழிப்பது?

கை தப்பா, கணக்கா?

பத்தாம் நாள் கொஞ்சம் தைரியம் வந்து 3 வரிசை, வரிசைக்கு 3 நேர்ப்புள்ளி வைத்தேன். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் வெட்டிக்கொண்டே போனேன். பாதியிலேயே கோடு மூடிக்கொண்டது. மறுபடி போட்டேன், மறுபடி அதே. 'பார்த்தாயா, உனக்கு வராது' என்று அந்த எட்டாம் வகுப்புக் குரல் கேட்டது.

அத்தை சிரித்தார். "மூணுக்கு மூணு அப்படித்தான் வரும். மூணுக்கு நாலு வெச்சுப் பாரு." வைத்தேன். ஒரே கோடு!

இது கணக்கு. வரிசை எண்ணிக்கை, வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கை, இந்த இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ, அத்தனை தனிக்கோடுகள் வரும். 3-க்கு 3 என்றால் 3 கோடு. 3-க்கு 4 என்றால் 1. 4-க்கு 6 என்றால் 2. எத்தனை பெண்கள் இது தெரியாமல் தன் கையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ! தனித்தனிக் கோடுகளைச் சேர்க்கவும் வழி இருக்கிறது. இரண்டு வேறு கோடுகள் வெட்டிக்கொள்கிற ஒரே ஓர் இடத்தில், வெட்டாமல் வளைத்துத் திருப்பிவிடுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும்.

அத்தை ஐந்தாவதோடு நின்றவர். அவர் வாய்மொழியாகச் சொன்ன மாதிரி விஷயங்களை, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதி 1974-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். கோலத்துக்கு இலக்கணம் உண்டு என்றால் அதைப் படித்துக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம்? பிறவியிலேயே 'கைராசி' வேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்ற இருவர் 'ஜென்டாங்கிள்' என்று ஒரு முறையைப் பரப்பினார்கள். மூன்றரை அங்குலச் சதுர அட்டை, ஒரு பேனா, சின்னச் சின்னக் கோடுகளைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ரப்பர் கிடையாது! எங்கள் அத்தை காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

மனசுக்கு இது என்ன செய்கிறது? பிலடெல்பியாவில் உள்ள ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர் பேனா, படம் ஒட்டுதல் என்று இஷ்டப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை. 2016-ல் வெளியான சின்ன ஆய்வுதான் இது. கோலத்தை வைத்துச் செய்ததும் இல்லை. கோலம் போட்டால் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 'நன்றாக வந்தால்தான் நல்லது' என்பது இல்லை என்று தெரிகிறதே, அது போதும்.

உடம்பையும் கவனியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் குத்தவைக்க வேண்டாம். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து போடலாம். முதுகு வலி இருந்தால் குனிந்தே நிற்காமல் நடுநடுவே நிமிருங்கள். நிமிரும்போது தலை சுற்றுகிறவர்கள் மெதுவாக எழுந்திருங்கள். ஆஸ்துமா இருந்தால் கல்மாவும் கலர்ப்பொடியும் பறக்கிற இடத்தில் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். தரை லேசாக ஈரமாக இருந்தால் மாவும் பறக்காது, கோடும் பிடித்துக்கொள்ளும். மாவு மட்டும் நன்றாக உலர்ந்து, கொஞ்சம் கொரகொரவென்று இருக்கட்டும். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தானாக வழியும்.

இந்தத் தைப் பொங்கலன்று 7-க்கு 8 வைத்தேன். 56 புள்ளி, ஒரே கோடு. பனியில் முக்காடு போட்டுக்கொண்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அக்கா வந்து நின்று, "யாரு போட்டது?" என்று கேட்டார்.

அத்தை பதில் சொல்லவில்லை. கைத்தடியை நீட்டி, "அந்த மூலையில ஒரு புள்ளி தனியா நிக்குது பாரு. அதை என்ன பண்ணப்போற?" என்றார் என்னிடம்.