நாற்றழுகல் நோயும் அதனைத் தடுக்கும் நுண்ணுயிர்களும்

வேலூர், ஆம்பூர்ப் பிரதேசத்து விவசாயிகளுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவை கைப்பணம் தரும் பயிர்களாம். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் நாற்றுவிட்டு நடும் பயிரே. இந்நாற்றுகளை நிழல்வலைக் குடில்களில் குழித்தட்டுகளிலிட்டு வளர்ப்பதில் அனுகூலங்கள் பல உண்டு. எனினும் நெருக்கமும் ஈரமும் மிகுந்த இடத்தில் மண்வழி நோய்கள் விரைந்து பரவும்.

நோயின் குறிகள்.— விதை முளை வெளிவருமுன்னரே அழுகும். அல்லது முளைத்த நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து மெலிந்து, நாற்று சாய்ந்து மடியும். பூஞ்சையாகிய ரைசாக்டோனியாவும், பூஞ்சையை ஒத்த பித்தியமும் இதற்குக் காரணமாம். சாய்ந்த நாற்றை எம்மருந்தும் நிமிர்த்தாது. விதைச் செலவோடு நடவுப் பருவமும் கைநழுவும்.

நுண்ணுயிர்களின் வேலை.— டிரைக்கோடெர்மா என்னும் நற்பூஞ்சை, நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் பின்னி, அவற்றின் சுவரைக் கரைத்து உண்ணும். இதனை வெயின்ட்லிங் என்னும் அறிஞர் அமெரிக்காவில் 1932-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வேரைச் சூழ்ந்து வாழ்ந்து, நோய்க்கிருமிக்கு வேண்டிய இரும்புச் சத்தைத் தானே கவர்ந்துகொள்ளும்.

உபயோகிக்கும் முறை.— ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி தூள் 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் தூள் 10 கிராம் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். நடவு வயலுக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 2.5 கிலோ தூளை, நன்கு மக்கிய தொழு உரம் 50 கிலோவுடன் கலந்து இடுக. மக்காத எருவை உபயோகித்தலாகாது.

கவனிக்கவேண்டியவை.— இத்தூள் உயிருள்ள பொருள். வெயிலில் வைப்பினும், காலாவதி கடப்பினும், பூஞ்சணக் கொல்லியுடன் கலப்பினும் பயன்படாது. கடையில் வாங்கும் விதைக்கு முன்னரே மருந்து பூசப்பட்டிருப்பதுண்டு. உறையைப் படித்தறிந்து, அத்தகைய விதையாயின் நுண்ணுயிரைத் தட்டிலிடும் கலவையில் சேர்த்தல் நலம். தட்டுகளில் நீர் தேங்கவிடலாகாது. நெருக்கமாக விதைத்தலும் கூடாது.

கிணற்று நீர்.— தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் இப்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்று 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கூறப்பட்டுள்ளது. உப்பு நீர் பாய்ந்தால் இளவேர் நலிந்து நோய்க்கு இடங்கொடுக்கும். நுண்ணுயிர் நோயைத் தடுக்குமேயன்றி நீரிலுள்ள உப்பை நீக்காது. ஆதலின் குடில் அமைக்குமுன் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, தகாத நீராயின் நாற்றுக்கேனும் நன்னீர் தேடிக்கொள்ளுதல் அவசியம்.

சோதித்து அறிதல்.— ஐயமுடையோர் சில தட்டுகளுக்கு நுண்ணுயிர் இட்டும், சிலவற்றுக்கு இடாமலும், மற்றெல்லாம் ஒரேவிதமாக வைத்து, இருபதாம் நாளில் நின்ற நாற்றுகளை எண்ணிப் பார்க்கலாம். அவ்விரண்டையும் ஊரார் அனைவரும் காணும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் பெரிதும் உதவும். வெள்ளம் வருமுன் அணைகோலுவது போல, நோய் தோன்றுமுன் இடுவதே இம்முறையின் உயிர்நாடி.