கேஸ் ஷீட்டிலிருந்து கணக்கு வரை: அடிபட்டவர்களை ஒரு நாடு எப்படி எண்ணுகிறது?

"ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் படிக்கட்டில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்." இந்த மாதிரி ஒரு வரி உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். தேடிப் பார்த்தால் பல நேரம் அது அமெரிக்கக் கணக்கா இருக்கும். காரணம், அந்த நாட்டு மருத்துவமனை வருகைத் தரவு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. உலகம் முழுக்கச் செய்தி எழுதுறவங்க அங்கிருந்துதான் எண்களை எடுக்கிறாங்க. அந்த எண் எப்படி உருவாகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று பார்ப்போம். பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை.

அங்கே இரண்டு ஏற்பாடுகள் முக்கியமானவை. முதலாவது, தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 1992 முதல் 2022 வரை நடத்திய மருத்துவமனை வருகை ஆய்வு. இதைச் சுருக்கமாக என்.எச்.ஏ.எம்.சி.எஸ். என்பார்கள். இரண்டாவது, நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1970-களிலிருந்து நடத்தும் காயக் கண்காணிப்பு முறை. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை 'நைஸ்' என்றே உச்சரிக்கிறார்கள். பெயர்தான் நைஸ், உள்ளே இருப்பதெல்லாம் எலும்பு முறிவும் மண்டை உடைவும்.

முதலில் வருகை ஆய்வு. நாட்டிலுள்ள எல்லா அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் போய் எண்ண யாராலும் முடியாது. அதனால் முதலில் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பகுதிகளில் சில மருத்துவமனைகள், அவற்றின் அவசரப் பிரிவுகள், கடைசியில் அங்கே பதிவான வருகைகளில் சில என்று படிப்படியாக இறங்கினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நான்கு வாரம் ஒதுக்கப்பட்டது. எல்லாருக்கும் ஒரே நான்கு வாரம் கிடையாது, ஆண்டு முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்கள். பனிக்காலத்தில் வழுக்கி விழுவதும் கோடையில் சைக்கிளிலிருந்து விழுவதும் இரண்டுமே கணக்கில் வரணும் இல்லையா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நம்ம வீட்டுல சொல்வாங்க. ஆனா பானையை நல்லாக் கிளறிவிட்டு எடுத்தால்தான் அந்த ஒரு சோறு உண்மை பேசும். மேலாக ஒரு கரண்டி மட்டும் எடுத்தால் அடியில் தீய்ந்தது தெரியாது. படிப்படியாகத் தேர்ந்தெடுப்பது இந்தக் கிளறல்தான்.

2019-ஆம் ஆண்டின் கோப்பில் இருப்பவை 19,000 வருகைகளுக்குச் சற்றே அதிகம். அவற்றை வைத்து மதிப்பிடப்பட்ட நாட்டின் மொத்த வருகைகளோ சுமார் 15 கோடி. அதாவது கோப்பில் உள்ள ஒரு வருகை சராசரியாக 7,000-க்கும் மேற்பட்ட வருகைகளின் சார்பாக நிற்கிறது. இதற்குத்தான் 'எடை' என்று பெயர். எல்லா வருகைக்கும் ஒரே எடை இல்லை, எந்தப் பகுதி, எந்த மருத்துவமனை என்பதைப் பொறுத்து அது மாறும்.

இங்கேதான் கவனம் வேணும். ஒரு உதாரணத்துக்கு, ஏதோ ஒரு அரிய காயம் கோப்பில் 12 வருகைகளில் மட்டும் இருக்குன்னு வெச்சுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் 7,000 எடை என்றால் 84,000 வந்துவிடும். "84 ஆயிரம் பேர் பாதிப்பு" என்று தலைப்பு போட்டாச்சு! அடுத்த வருடம் அதே காயம் 6 வருகைகளில் மட்டும் வந்தால், "பாதியாகக் குறைந்தது" என்று இன்னொரு தலைப்பு. இரண்டுக்கும் அர்த்தமில்லை, அது வெறும் சீட்டுக் குலுக்கல். அதனால்தான் 30 பதிவுகளுக்குக் குறைவாக இருந்தால் அந்த மதிப்பீட்டை நம்ப வேண்டாம் என்பது இந்த ஆய்வில் நெடுநாள் விதியாக இருந்தது. நைஸ் முறையிலும் இதே போல உண்டு: 20 பதிவுகளுக்குக் குறைவு, அல்லது மதிப்பீடு 1,200-க்குக் கீழே என்றால் அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது ஆணையம்.

இன்னொரு விஷயம், எண்ணப்படுவது ஆள் இல்லை, வருகை. மணிக்கட்டு உடைந்த ஒரு பையன் திங்கட்கிழமை வருகிறான், வலி குறையவில்லை என்று வியாழக்கிழமை மறுபடி வருகிறான். கணக்கில் அது இரண்டு. அதனால் "இத்தனை பேர்" என்று எழுதியிருந்தால் மனசுக்குள்ளே "இத்தனை வருகை" என்று திருத்திப் படிங்க.

வராதவர்களையும் யோசிக்கணும். சம்பவ இடத்திலேயே இறந்தவர் இந்தக் கோப்பில் இல்லை, அவர் இறப்புச் சான்றிதழ்க் கணக்கில்தான் இருப்பார். நீரில் மூழ்குதல், துப்பாக்கிச் சூடு போன்றவற்றின் உண்மையான கொடுமை வருகைக் கணக்கில் குறைவாகத் தெரிவது இதனால்தான். குடும்ப டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவரும் இல்லை. அமெரிக்காவில் அவசரப் பிரிவு பில்லுக்குப் பயந்து வீட்டிலேயே ஐஸ் வைத்துக்கொண்டு படுத்தவரும் இல்லை. ராணுவ மருத்துவமனை, முன்னாள் படைவீரர் மருத்துவமனை போன்ற மத்திய அரசு மருத்துவமனைகளும் வருகை ஆய்வில் சேரவில்லை.

சரி, இவ்வளவு ஓட்டை இருந்தால் இதனால் என்ன பயன்? குழந்தை வாக்கரின் கதையைப் பாருங்கள்.

நம்ம மரத்து நடைவண்டியைச் சொல்லவில்லை. அதில் குழந்தை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். நான் சொல்வது நடுவில் துணி இருக்கையும் சுற்றிலும் சக்கரமும் உள்ள வட்ட வாக்கர். குழந்தை உள்ளே உட்கார்ந்து காலால் உந்தும். அமெரிக்காவில் நைஸ் தரவை வைத்து 1990 முதல் 2014 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்தார்கள். 2018-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் அது வெளியானது. 15 மாதத்துக்குக் குறைவான குழந்தைகளில், வாக்கர் காயத்துக்காகச் சிகிச்சை பெற்றதாக மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை 2,30,676. பத்தில் ஒன்பது காயங்கள் தலையிலோ கழுத்திலோ. நான்கில் மூன்று, படிக்கட்டில் உருண்டு விழுந்தவை.

படிக்கட்டுன்னு எப்படித் தெரிந்தது? இதுதான் நைஸ் முறையின் பலம். சுமார் 100 மருத்துவமனைகளில் பதிவாளர்கள் கேஸ் ஷீட்டைப் படித்து வயது, அடிபட்ட இடம், சம்பந்தப்பட்ட பொருள் எல்லாவற்றையும் குறியீடாக்குகிறார்கள். கூடவே என்ன நடந்தது என்று ஓரிரு வரியும் எழுதுகிறார்கள். "வாக்கரில் இருந்த குழந்தை மாடிப்படியில் விழுந்தது" என்ற ஒரு வரி ஆயிரக்கணக்கில் சேரும்போது, பழுது எங்கே என்று தெரிந்துவிடுகிறது: வாக்கர் படி விளிம்பில் நிற்கவில்லை. 1997-ல் தாமாக ஏற்கும் தரநிலையில், விளிம்பு வந்தால் வாக்கர் நின்றுவிட வேண்டும் என்ற சோதனை சேர்க்கப்பட்டது. 2010-ல் கடுமையான தரநிலை கட்டாயமானது. 1990-ல் 20,650 என்று மதிப்பிடப்பட்ட காயங்கள் 2003-ல் 3,201 ஆகின. 84.5 சதவீதம் குறைவு. கனடா 2004-ல் வாக்கரையே தடை செய்துவிட்டது.

மொத்தப் புகழும் தரநிலைக்குத்தானா? ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. வாக்கர் பயன்பாடே குறைந்தது, வீடுகளில் பழைய வாக்கர்கள் கழிந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற எண் மருத்துவமனைக் கோப்பில் இருக்காது. பட்டியலில் படிக்கட்டும் தரையும் எப்போதும் மேலே இருப்பதும் இதே காரணம்தான், எல்லாரும் தினமும் அவற்றில்தான் நடக்கிறோம். வாக்கரைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை. ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் நகரக்கூடிய பொருளில் எட்டு மாதக் குழந்தையை உட்கார வைத்தால், பக்கத்திலேயே அம்மா இருந்தாலும் எட்டிப் பிடிக்க நேரம் கிடைக்காது. நம்ம ஊர்க் கடைகளிலும் இந்த வாக்கர் விற்கிறது, பரிசாகக் கொடுக்க நினைத்தால் வேறு ஏதாவது வாங்குங்க.

நீங்களும் தேடிப் பார்க்கலாம். ஆணையத்தின் இணையதளத்தில் நைஸ் தேடல் பக்கம் இருக்கிறது, ஆங்கிலத்தில்தான். ஆண்டு, வயது, பொருள், அடிபட்ட உறுப்பு என்று தேர்ந்தெடுத்தால் மதிப்பீடு வரும். படிக்கட்டின் குறியீடு 1842, அதில் தொடங்கலாம். பெரிய எண்ணைப் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க, அது எத்தனை பதிவுகளிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்க. ஒவ்வொரு பதிவையும் தனியாக இறக்கிப் பார்த்தால் வயது இடத்தில் 208 என்று இருக்கலாம். அது 208 வயதுப் பாட்டி இல்லை, 8 மாதக் குழந்தை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாதத்தோடு 200 சேர்த்து எழுதுவது அங்கே வழக்கம். பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போதும் ஜாக்கிரதை. 2015 அக்டோபரில் அமெரிக்க மருத்துவமனைகள் நோய்க் குறியீட்டு முறையையே மாற்றின. வருகை ஆய்வில் 2016-ஐ ஒட்டி ஒரு காயம் ஏறினால் அல்லது இறங்கினால், அது காயத்தின் மாற்றமா, குறியீட்டின் மாற்றமா என்று கேட்கணும்.

அந்த ஓரிரு வரி எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைத்துப் பாருங்க. வலியோடு வந்தவரோ கூட வந்தவரோ நர்ஸிடம் சொன்னதுதான் கேஸ் ஷீட், கேஸ் ஷீட்டில் இருப்பதுதான் தரவு. நம்ம அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், அதாங்க, எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்குவது, அதில் எழுதும்போதும் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். "கீழே விழுந்துட்டார்" என்பதோடு நிறுத்தாமல், எங்கே, எதிலிருந்து, எதன் மேல், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று சேர்த்துச் சொல்லுங்க. ஈரமான குளியலறையா, ஏணியா, ஓடும் பேருந்தா? பத்து நொடிதான் ஆகும்.