வெளியே பட்டன், உள்ளே கம்பி

கேள்வி: என்னுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட பழைய ஹேட்ச்பேக். ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தரையோடு தரையாக நிற்கட்டும் என்று லோயரிங் ஸ்பிரிங் போட்டு இறக்கி, அகலமான அலாய் வீலும் மாட்டினேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, முன் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டையாகிவிட்டன. இடதுபக்க டயரில் கம்பியே தெரிகிறது. வெளிப்பக்கப் பட்டனோ அப்படியே இருக்கிறது. எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. அலைன்மென்ட் பார்த்த இடத்தில் ‘எல்லாம் கரெக்டாக இருக்கு’ என்று அனுப்பிவிட்டார்கள். வேறு கம்பெனி டயர் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், ஜெகதாப்பட்டினம்

பதில்: கம்பெனியை மாற்றிப் பயனில்லை. வண்டி இப்போது இருக்கிற நிலையில் எந்த டயரை மாட்டினாலும் உள்பக்கம்தான் தேயும். பழைய டயர்களைக் கடையில் தள்ளிவிடாதீர்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்று அவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

காற்றுக் குறைவாக ஓடினால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். கூடுதலாக அடித்திருந்தால் நடுப்பகுதி தேயும். உங்களுக்கு ஓர் ஓரம் மட்டும் போயிருப்பதால் காற்றை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பவை கேம்பரும் டோவும்.

வண்டிக்கு முன்னால் நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். வண்டியை இறக்கும்போது இந்தச் சாய்வு தானாகவே கூடும். ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ரேஸ் கார்களிலும் இதை வேண்டுமென்றே வைக்கிறார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும்; அந்த நேரத்தில் வெளிப்பக்க டயர் முழுசாக ரோட்டில் பதிய வேண்டும் என்பதற்காக. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அதற்கு வேலை உண்டு. கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று பெரும்பாலும் நேராக ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தச் சாய்வால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. பாரம் உள் ஓரத்தில் கூடுதலாக விழுவதுதான் மிச்சம்.

ஆனால் சாதாரண ஓட்டத்தில், கேம்பர் மட்டும் இவ்வளவு சீக்கிரம் கம்பி தெரியும்வரை டயரைத் தின்னாது. என் சந்தேகம் டோ மீதுதான். மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களும் நேர்கோட்டில் நிற்கின்றனவா, முன்பக்கம் விரிந்து நிற்கின்றனவா என்பதுதான் டோ. வண்டியை இறக்கினால் டை ராட் நிற்கும் கோணம் மாறும், அதோடு டோவும் மாறும். ஒரு சக்கரம் அரை டிகிரி விலகியிருந்தாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் எட்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று கணக்கு. உப்புத்தாளில் தேய்ப்பது மாதிரிதான். சாய்வும் சேர்ந்துகொள்வதால் தேய்மானம் முழுக்க உள் ஓரத்துக்குப் போகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். கம்பி தெரியாத வலதுபக்க டயரைக் கழற்றி, பட்டன் மிச்சமிருக்கும் இடத்தில் உள்ளங்கையைக் குறுக்காக வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை மெதுவாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் மாதிரியும் இருந்தால் டோதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பு என்றால் கேம்பர். மேடும் பள்ளமுமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

அப்படியானால் அலைன்மென்ட் எப்படிக் ‘கரெக்ட்’ ஆனது? வண்டி அசையாமல் நிற்கும்போது அளப்பது அது. லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால் நிற்கும்போது ஒரு அளவு, பிரேக் அடிக்கும்போது வேறொரு அளவு. இன்னொன்று உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. கடற்காற்றும், மீன் வண்டிகளிலிருந்து ரோட்டில் வழியும் உப்புத் தண்ணீரும் டை ராட் லாக் நட்டைத் துருப்பிடிக்கவைத்து இறுக்கிவிடும். நட்டு அசையாவிட்டால் டோவைத் திருத்த வழியே இல்லை. அவசரத்தில் இருக்கும் ஆள் அப்படியே விட்டுவிடுவார். அதனால் வேலைக்கு முன் ஒரு பிரிண்ட், வேலைக்குப் பின் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் எண்கள் அப்படியே இருந்தால் யாரும் நட்டைத் தொடவில்லை.

ஸ்டியரிங் உதறலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2005இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம் நினைவிருக்கலாம். முன்னணியில் ஓடிய கிமி ரைக்கோனனின் முன் டயர் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. அந்த அதிர்விலேயே சஸ்பென்ஷன் உடைந்து, கடைசிச் சுற்றில் ஜெயிக்க வேண்டிய பந்தயம் கைவிட்டுப் போனது. நம் கோவை நரேன் கார்த்திகேயனும் ஓடிய பந்தயம் அது. உங்கள் வண்டியில் அவ்வளவு வேகம் இல்லைதான். ஆனாலும் அதிர்வு பால் ஜாயின்டையும் புஷ்ஷையும் நாளுக்கு நாள் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கச் சொல்லுங்கள். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட். மேலும் கீழுமாக ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். ஆடுவதை மாற்றிய பிறகு கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. பல ஹேட்ச்பேக்குகளில் கேம்பரைத் திருத்த வசதியே கிடையாது. தனியாக கேம்பர் போல்ட் வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவுக்குப் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். வண்டியின் அழகு கொஞ்சம் குறையும். வேகத்தடையில் அடி தட்டாது, டயரும் நிற்கும். புது டயர் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான்.

கார் டயரில் பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றியாக வேண்டும். உங்களுடையது அதையெல்லாம் தாண்டிக் கம்பிக்கு வந்துவிட்டது; எந்த நேரமும் வெடிக்கலாம். அறந்தாங்கிக்குப் போவதற்குக்கூட அந்த டயரில் ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டி மெதுவாகப் போங்கள். வலதுபக்கத்திலும் கம்பி எட்டிப்பார்த்தால் வண்டியை வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.