வீடு வாங்க நல்ல காலம் எது?

வீடு வாங்குவது எளிய காரியம் அல்ல. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் அதில் போகிறது. நகை விற்ற பணமும் இருக்கும். கடன் வாங்கிய பணமும் இருக்கும். அவ்வளவு பணமும் ஒரே நாளில் கை மாறுகிறது. அந்த நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பலர் காலண்டரைப் பார்ப்பார்கள். ஆடி மாதம் வேண்டாம் என்பார்கள். தை பிறக்கட்டும் என்பார்கள். வட மாநிலங்களில் அட்சய திருதியை, தசரா, தீபாவளி நாட்களில் வாங்குவார்கள். அந்த நாட்களில் வீடு விற்கும் கம்பெனிகளும் தள்ளுபடி விளம்பரம் செய்யும். "இன்றே முன்பணம் கட்டுங்கள், நாளை விலை ஏறும்" என்று அவசரப்படுத்தும்.

நல்ல நாள் பார்ப்பது அவரவர் விருப்பம். ஆனால் அதற்கு முன்பே மூன்று காலங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று மழைக்காலம். இரண்டு கோடைக்காலம். மூன்று வரி மாறும் காலம்.

மழையில் பாருங்கள்

நம் நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரக் கடற்கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல மழை. வெயில் காலத்தில் எல்லா மனையும் மேட்டு மனையாகத்தான் தெரியும். மழை பெய்தால்தான் பள்ளம் எது, மேடு எது என்று தெரியும்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரமே தண்ணீரில் நின்றது. 2022 செப்டம்பரில் பெங்களூரில் வெள்ளம் வந்தது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. மக்களை டிராக்டரிலும் படகிலும் வெளியே கொண்டு வந்தார்கள். ஏரிக்குத் தண்ணீர் போகும் கால்வாய்களை அடைத்துக் கட்டியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

ஒரு சிறு கதையைப் பார்ப்போம். பெங்களூர் ஓரத்தில் ஒரு கொத்தனார் குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது. கணவன், மனைவி இருவரும் கட்டட வேலை செய்தார்கள். பன்னிரண்டு ஆண்டு சேமிப்பு கையில் இருந்தது. ஏப்ரல் மாதம் ஒரு மனையைப் பார்க்கப் போனார்கள். தரகர் கூடவே வந்தார்.

"அண்ணே, நாளைக்கு அட்சய திருதியை. இன்னைக்கே ஐம்பதாயிரம் கொடுத்து வெச்சிடுங்க. இல்லேன்னா இந்த மனை போயிடும்" என்றார் தரகர்.

கொத்தனார் சட்டைப் பைக்குள் கையை விட்டார். மனைவி அவரைத் தடுத்தார்.

"என்னங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த மூதாட்டியிடம் போனார்.

"பாட்டி, மழை பெய்தா இங்கே தண்ணி நிக்குமா?"

"ஏன் கேக்கறே தாயீ! போன மழைக்கு இந்த இரண்டாவது படி வரைக்கும் வந்துச்சு. சுவத்தைப் பாரு."

சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருந்தது. தண்ணீர் நின்ற அடையாளம் அது. கொத்தனார் தினமும் சுவரோடு வேலை செய்கிறவர். அந்தக் கோட்டின் பொருள் அவருக்கு உடனே விளங்கியது. முன்பணம் கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் மறுபடியும் வந்து பார்த்தார்கள். மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஐம்பதாயிரம் தப்பியது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பும் தப்பியது.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாவிட்டால் என்ன செய்வது? அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேளுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இடத்தின் பழைய பெயரைக் கேளுங்கள். ஏரி, குளம், தாங்கல் என்று பெயர் இருந்தால் கவனம் தேவை. கன்னடத்தில் ஏரியைக் கெரே என்பார்கள். இந்தியில் குளத்தைத் தாலாப் என்பார்கள்.

வெயிலில் பாருங்கள்

மழையில் தண்ணீர் அதிகம் என்பது கவலை. கோடையில் தண்ணீர் இல்லை என்பது கவலை. பெங்களூரில் 2024 மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றின. மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள்.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை போங்கள். குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது? கிணறு எத்தனை அடி ஆழம்? லாரித் தண்ணீர் வாங்கினால் மாதம் எவ்வளவு ஆகும்? வீட்டு விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வரி மாறும் காலம்

வீட்டின் விலை வேறு. வீடு வாங்க ஆகும் செலவு வேறு. விலைக்கு மேல் அரசுக்குக் கட்ட வேண்டிய பணம் இரண்டு உண்டு. ஒன்று முத்திரைத் தீர்வை. மற்றொன்று பதிவுக் கட்டணம். இவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கேரளத்தில் பல ஆண்டுகளாக முத்திரைத் தீர்வை 8 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டின் விலை 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முத்திரைத் தீர்வை: 80,000 ரூபாய்.
பதிவுக் கட்டணம்: 20,000 ரூபாய்.
மொத்தம்: 1,00,000 ரூபாய்.

ஆகவே 10 லட்சம் மட்டும் கையில் இருந்தால் போதாது. 11 லட்சம் வேண்டும்.

இந்த வீதம் சில சமயம் குறையும், சில சமயம் கூடும். கொரோனா காலத்தில் மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையைக் குறைத்தது. மும்பையில் 5 சதவீதமாக இருந்தது, 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 2 சதவீதம் ஆனது. 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 3 சதவீதம். அந்த டிசம்பருக்குள் 20 லட்சத்துக்கு வீடு வாங்கியவருக்கு 60,000 ரூபாய் மிச்சம். பண்டிகைத் தள்ளுபடியை விட இது பெரிது.

பெண் பெயரில் வாங்கினால் சில மாநிலங்களில் சலுகை உண்டு. டில்லியிலும் ஹரியானாவிலும் பெண்களுக்கு முத்திரைத் தீர்வை குறைவு. மகாராஷ்டிராவில் 2021 ஏப்ரல் முதல் பெண்களுக்கு 1 சதவீதம் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதில் செலவும் குறைகிறது, பெண்ணுக்குச் சொத்துரிமையும் கிடைக்கிறது.

நீங்கள் இருக்கும் மாநிலத்தில் இன்று என்ன வீதம்? சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

காகிதத்தைப் பாருங்கள்

காலம் சரி, வரி சரி. காகிதம் சரியில்லை என்றால் எல்லாம் வீண்.

1. வில்லங்கச் சான்று வாங்குங்கள். முப்பது ஆண்டுக்குப் பாருங்கள். வீட்டின் மேல் பதிவான அடமானம் இருந்தால் இதில் தெரியும்.

2. நில ஆவணத்தில் விற்பவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இதைப் பட்டா என்கிறோம். கர்நாடகத்தில் பகணி. மகாராஷ்டிராவில் சாத்பாரா.

3. வீட்டு வரி ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். வரி கட்டியவர் எல்லாரும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பழைய வரி பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அது உங்கள் தலையில் விழும்.

4. வெறும் பவர் பத்திரத்தை வைத்து வீடு சொந்தம் ஆகாது. 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கிரையப் பத்திரத்தைப் பதிவு செய்தால்தான் வீடு உங்களுடையது.

5. முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். வீடு, மனை விற்பவர் பொதுவாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் இந்த விதி உண்டு.

6. அடுக்குமாடி வீடு என்றால் 'ரெரா' பதிவு எண் கேளுங்கள். இது 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது இதில் உள்ள விதி.

வரியைப் பற்றிப் பேச உரிமை உண்டு

வீடு வாங்கிய பிறகும் வரி தொடரும். அதுதான் வீட்டு வரி. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்கு அதைக் கட்டுகிறோம். அந்த வரியை யார் தீர்மானிக்கிறார்கள்?

அமெரிக்காவில் சில மாநிலங்களில் வரியைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று மக்களிடம் நேரடியாக ஓட்டுக் கேட்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் 1978 ஜூன் மாதம் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வீட்டு வரி, வீட்டு மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். வரி குறைந்தது. வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பள்ளிக்கும் நூலகத்துக்கும் உள்ளூரில் கிடைத்த பணமும் குறைந்தது. வரியில் எப்போதும் இரண்டு பக்கம் உண்டு.

நம் நாட்டில் வரிக்கு அப்படி ஓட்டெடுப்பு இல்லை. மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்கிறது. அந்தச் சட்டப்படி உள்ளாட்சி வரி வாங்குகிறது. அதற்காக நாம் வாய் மூடி இருக்க வேண்டியதில்லை.

1993 ஏப்ரல் 24 முதல் நம் அரசியல் சட்டத்தில் கிராம சபைக்கு இடம் உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். பல மாநிலங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். வரிப்பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று அங்கே கேட்கலாம். எழுந்து கேட்பது நம் உரிமை.

நகரத்தில் உங்கள் வீட்டுக்கு வரி அதிகமாகப் போட்டிருந்தால் மனு கொடுக்கலாம். வீட்டின் அளவு தவறாக இருக்கும். வாடகைக்கு விடாத வீட்டை வாடகை வீடு என்று எழுதியிருப்பார்கள். நோட்டீசை எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படியுங்கள். கடைசித் தேதிக்குள் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நினைவில் வையுங்கள்

மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை வீட்டைப் பாருங்கள்.
விலையோடு தீர்வையையும் கட்டணத்தையும் கூட்டுங்கள்.
அவசரப்படுத்துகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.
படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசுங்கள், எழுதுங்கள்

1. கொத்தனாரின் மனைவி யாரிடம் என்ன கேட்டார்? அதனால் என்ன நன்மை?
2. உங்கள் பகுதியில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? ஒரு சிறு படம் வரையுங்கள்.
3. வீட்டின் விலை 6 லட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் எவ்வளவு பணம் வேண்டும்?
4. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் படியுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? எந்த ஆண்டுக்குக் கட்டியது?
5. அடுத்த கிராம சபையில் அல்லது நகராட்சியில் நீங்கள் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை எழுதுங்கள்.