ஓட்டு ஓர் அமானத்: அபேட்சகரை எடை போடுவது எவ்விதம்?

 

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் மூன்று பேச்சுகளைக் கேட்கலாம். "அவர் நம்ம ஆள், அவருக்கே போட வேண்டும்" என்பது ஒன்று. "அவர் நல்ல மனுஷர், தொழுகை தவறாதவர்" என்பது மற்றொன்று. "ஆளைப் பார்க்காதே, கட்சியைப் பார்த்துப் போடு" என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்த அபேட்சகர் நம்மிடம் கேட்கும் வேலை என்ன, அதைச் செய்ய அவருக்கு யோக்கியதை உண்டா என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. முதலில் வேலையை அறிய வேண்டும். பிறகே ஆளை எடை போட வேண்டும். இந்தப் பாடத்தில் சொல்ல வந்தது இவ்வளவே. பினாங்கில் வாழும் நமக்கு இது எவ்விதம் பொருந்தும் என்று பார்ப்போம்.

மார்க்கம் காட்டும் இரண்டு தகுதிகள்

ஓட்டுப் போடுவது என்றால் என்ன? "இந்தப் பதவிக்கு இவர் தகுந்தவர்" என்று நாம் சொல்லும் சாட்சி அது. உலமாக்கள் பலர் அதை அவ்விதமே விளக்கியிருக்கிறார்கள். சாட்சியத்தைப் பற்றிக் குர்ஆன் ஷரீபின் அந்நிஸா சூராவில் (4:135) கடுமையான கட்டளை இருக்கிறது. நமக்கோ நம் பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக முடிந்தாலும், நீதியின் பக்கமே நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. அமானத்துகளை அவற்றுக்கு உரியவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதே சூராவின் கட்டளைதான் (4:58).

உரியவர் யார் என்பதற்கு ஓர் உதாரணம் அல்கஸஸ் சூராவில் இருக்கிறது (28:26). மூஸா நபி (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்து, இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். அவரை வேலைக்கு அமர்த்தும்படி அப்பெண்களில் ஒருவர் தம் தகப்பனாரிடம் சொன்னபோது கூறிய காரணங்கள் இரண்டு: வலிமையுள்ளவர், நம்பிக்கைக்குரியவர். வந்தவர் எந்த ஊர், எந்தக் குலம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. வேலைக்கு வேண்டிய பலமும் நாணயமும்தான் சொல்லப்பட்டன.

இன்னொரு செய்தியும் நாம் மறக்கலாகாதது. அபூதர் (ரலி) அவர்களின் இறைபக்திக்கு எவரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் அவர்கள் ஒரு பதவி வேண்டியபோது, அது பெரும் அமானத் என்றும், அதைச் சுமப்பதில் அவர் பலவீனர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அன்புடன் எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. ஆகவே பக்தி மட்டும் பதவிக்குப் போதாது. திறமை மட்டும் இருந்து கை சுத்தமில்லையென்றால் அதுவும் ஆபத்தே. நம் கடைக் கல்லாவில் உட்கார ஓர் ஆள் தேடும்போது கணக்குத் தெரிந்தவனா, நாணயமுள்ளவனா என்று இரண்டையும் விசாரிக்கிறோம். நாட்டின் கல்லாவுக்கு ஆள் வைக்கும்போது மட்டும் விசாரணையின்றி விடுவது என்ன நியாயம்?

சட்டம் கேட்கும் தகுதி மிகச் சொற்பம்

"தகுதியில்லாதவரைத் தேர்தல் ஆணையம் நிற்க விடுமா?" என்று சிலர் கேட்பார்கள். சட்டம் கேட்பது எவ்வளவு என்று பாருங்கள். நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் இந்நாட்டில் வசிக்கும் குடிமகனாக இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சித்தம் கலங்கியவர், கடன் தீராத திவாலானவர், ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்று அதற்குரிய தடைக்காலம் தீராதவர் ஆகியோர் நிற்க முடியாது. வைப்புத்தொகை நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி, சட்டமன்றத்துக்கு 5,000 வெள்ளி. விழுந்த ஓட்டுகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அந்தத் தொகை போய்விடும். முக்கியமானவை இவையே.

சட்டம் வாசலில் நிற்கும் காவலாளியைப் போன்றது. தகாதவர் சிலரைத் தடுக்கும். தகுந்தவரைப் பொறுக்கித் தராது. அது வாக்காளரின் வேலை. இன்று அந்த வேலை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. 2018 பொதுத் தேர்தலில் சுமார் ஒரு கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 இல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாம் "இன்னாருக்குப் போடு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அது பாடம் ஆகாது.

எந்தப் பதவிக்கு எந்த வேலை?

பினாங்கு வாக்காளர் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரையும் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஓர் உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார். நாடாளுமன்ற மக்களவையின் 222 தொகுதிகளில் 13 பினாங்கில் உள்ளன. சட்டமன்றத்துக்கு 40 தொகுதிகள். 2022 நவம்பர் 19 இல் நாடாளுமன்றத்துக்கும், 2023 ஆகஸ்டு 12 இல் சட்டமன்றத்துக்கும் தனித்தனியே ஓட்டுப் போட்டோம். இரண்டும் ஒரே வேலையல்ல. எது யார் கையில் என்பதை அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது.

குடியுரிமை, பாதுகாப்பு, வரி, வாணிபம், பள்ளிக்கூடக் கல்வி, மருத்துவம், வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி ஆகியவை மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவை. நிலம், ஊராட்சி, பள்ளிவாசல், வக்பு, ஜக்காத், முஸ்லிம்களின் நிக்காஹ், தலாக், வாரிசு விஷயங்கள் ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. பினாங்கில் மார்க்கத் தலைவர் மாமன்னரே ஆயினும், இவ்விஷயங்களில் மாநிலச் சட்டம் இயற்றுவது சட்டமன்றமாகும். ஆகவே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தொடங்கி நம் முன்னோர் விட்டுச் சென்ற வக்புச் சொத்துகளைப் பற்றிய கேள்வியைச் சட்டமன்ற அபேட்சகரிடம் கேட்க வேண்டும். கடைக்கு வெளிநாட்டு ஆள் கிடைக்கவில்லை என்ற குறையை நாடாளுமன்ற அபேட்சகரிடம் கேட்க வேண்டும். மாற்றிக் கேட்டால் இருவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடை லைசென்சு, சாக்கடை, குப்பை ஆகியவை மாநகர் மன்றத்தின் வேலை. ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பர் 1 இல் நடந்த நகராட்சித் தேர்தலே மலாயாக் கூட்டரசின் முதல் தேர்தலாகும். 1965 இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976 ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அந்நிலையை உறுதியாக்கியது. அச்சட்டப்படி மன்றத் தலைவரையும் உறுப்பினர்களையும் மாநில அரசாங்கமே நியமிக்கிறது. எனவே நம் தெருச் சாக்கடையின் கதியும் சட்டமன்ற ஓட்டில் அடங்கியிருக்கிறது. "மன்றத்துக்கு எப்படிப்பட்டவர்களை நியமிப்பீர்கள்?" என்று கேட்பது மிகவும் நியாயமான கேள்வி.

வேலையை அறியாமல் ஓட்டளித்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தெருக்களே சாட்சி. 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 க்கு முன் கட்டிய கட்டடங்களில் இருந்த குடித்தனக்காரரையும் சிறு வியாபாரிகளையும் காத்து வந்தது. அதை 1997 இல் இயற்றிய மற்றொரு சட்டம் ரத்துச் செய்தது. 2000 ஜனவரி 1 முதல் பாதுகாப்பு நீங்கிற்று. வாடகை ஏறியதால் ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளையும் கடைகளையும் விட்டுப் பலர் வெளியேறினர். வீட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. பழைய வாடகையில் கட்டடத்தைப் பழுது பார்க்கவும் அவர்களால் முடியவில்லை. ஆனால் முடிவு செய்தது நாடாளுமன்றம். அதற்கு முந்திய 1995 பொதுத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், "வாடகைச் சட்டத்தில் உம் நிலை என்ன?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கேட்க வேண்டிய கேள்விகள்

1. என்ன செய்திருக்கிறார்? ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரானால் அவரது வேலையை நாமே பார்க்கலாம். நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பான ஹன்ஸார்டு எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. அன்று வந்தவர் யார், பேசியவர் யார், என்ன பேசினார் என்பது அதில் உண்டு. மலாய் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால் ஒரு மாலையில் பார்த்துச் சொல்லிவிடுவான். புதியவரானால் அவர் நடத்திய தொழில், சங்கம், கணக்கு ஆகியவற்றைப் பார்க்கலாம்.

2. எப்படிச் செய்வார்? "எல்லாம் செய்து தருகிறேன்" என்பது பதில் அல்ல. எந்தச் சட்டத்தால், எந்தப் பணத்தால், எத்தனை நாளில் என்று கேளுங்கள். "இது என் அதிகாரத்தில் இல்லை, ஆனால் இன்னாரிடம் பேசுவேன்" என்று சொல்பவர் எல்லாவற்றுக்கும் ஆம் போடுபவரைவிட நம்பத்தக்கவர்.

3. எல்லாரிடமும் ஒரே பேச்சா? நம் கூட்டத்தில் தமிழில் சொன்னதை மற்ற இனத்தார் கூட்டத்திலும் சொல்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டு படிக்கற்கள் வைத்திருக்கும் வியாபாரியைப் போல் இரண்டு நாக்கு வைத்திருப்பவரும் உண்டு.

4. சேர்ந்த இடத்தில் நிற்பாரா? 2018 இல் மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம் 2020 பிப்ரவரியில், உறுப்பினர் பலர் அணி மாறியதால் கவிழ்ந்தது. அதன் பிறகு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5 முதல் அமலில் உள்ளது. தாமே கட்சியை விட்டு விலகி வேறு கட்சியில் சேரும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி இழப்பார். ஆனால் கட்சி அவரை நீக்கினால் பதவி போகாது. கட்சியே முழுதாக வேறு கூட்டணிக்குப் போனாலும் போகாது. சட்டம் மூடிய வழி சில. திறந்த வழி சில. மிச்சத்துக்கு மனிதரின் வாக்குச் சுத்தம்தான் பூட்டு.

5. பழகியவர் என்ன சொல்கிறார்கள்? ஒருவரை நல்லவர் என்று சொன்ன மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள், "அவருக்கு அண்டை வீட்டில் இருந்திருக்கிறீரா, அவருடன் பிரயாணம் செய்திருக்கிறீரா, கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீரா?" என்ற கருத்தில் விசாரித்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பள்ளிவாசலில் பார்த்தது மட்டும் போதவில்லை. இன்றைக்கும் இது சரியான உரைகல்தான்.

உறையும் விருந்தும்

ஓட்டுக்காகப் பணம் தருவதும், விருந்து வைத்து மனத்தை வளைப்பதும், மிரட்டுவதும் 1954 ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றங்கள். கொடுப்பவர் மட்டுமல்ல, அந்நோக்கம் அறிந்து வாங்குபவரும் குற்றவாளியே. லஞ்சம் கொடுப்பவனையும் வாங்குபவனையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதையும் அறிவோம்.

தனி மனிதர் வாங்கும் உறையைக் கண்டிப்பது சுலபம். சங்கத்துக்கும் பள்ளிவாசலுக்கும் தேர்தல் சமயத்தில் வரும் கம்பளமும் மின்விசிறியும் நன்கொடையும்தான் கஷ்டமான விஷயம். "பொதுக் காரியத்துக்குத்தானே" என்று மனம் சமாதானம் சொல்லும். ஒன்று சிந்தியுங்கள். நமக்கு உரிமையாக வர வேண்டியதாக இருந்தால் அதற்கு ஓட்டை விலையாகக் கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. நமக்கு உரிமையில்லாததாக இருந்தால் அது யாருடைய ஹக்கிலிருந்து எடுக்கப்பட்டது? இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும் வரை நிர்வாகிகள் கை நீட்டாமலிருப்பதே மரியாதை.

நம்மவர் என்பது ஒரு காரணம். முழுக் காரணம் அன்று

"நாம் சிறு தொகையினர். நம்மவர் ஒருவர் சபையில் இல்லாவிட்டால் நம் குறையை யார் பேசுவார்?" என்று கேட்பதை அலட்சியம் செய்ய முடியாது. நம் வக்புச் சரித்திரமும் நம் பிள்ளைகளின் தமிழும் வெளியார் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர் சபையில் இருப்பது பலமே. எனவே நம் சமூகத்தை அறிந்திருப்பது ஒரு தகுதிதான். தராசில் அதற்கும் ஓர் எடை உண்டு. ஆனால் தராசே அது அல்ல. நம் ஊர்க்காரர் ஒருவர் மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு ஐந்து வருஷம் வாய் திறக்காமல் இருந்தால் நமக்கு என்ன பயன்? மலாய்க்காரரோ சீனரோ ஒருவர் நம் கேள்விக்கு எழுத்தில் பதில் தந்து, சபையில் அதை எழுப்பினால் அவரே நம் காரியத்துக்கு உரியவர். இருவரும் சமமாக நின்றால் அப்போது நம்மவரைத் தேர்ந்துகொள்வதில் தவறில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

தேர்தல் அறிவிப்பு வந்ததும் அரைத் தாளில் அபேட்சகர்களின் பெயரை வரிசையாக எழுதுங்கள். நம் குடும்பத்தையும் தெருவையும் பாதிக்கும் மூன்று விஷயங்களை மேலே குறியுங்கள். அவை மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவையா, மாநிலத்தைச் சேர்ந்தவையா என்று பிரியுங்கள். ஒவ்வொருவர் சொன்ன பதிலையும் பெயருக்கு நேரே எழுதுங்கள். பதில் சொல்லாதவருக்கு நேரே கோடு போடுங்கள். மனைவி, பெற்றோர், 18 வயதான பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி ஓட்டளிக்கட்டும். ஓட்டு இரகசியமானது, குடும்பத் தலைவருக்கும் அதில் அதிகாரம் இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். ஜெயித்தவரின் பதிலை ஓராண்டு கழித்து எடுத்துப் பாருங்கள். செய்திருந்தால் நன்றி சொல்லுங்கள். செய்யவில்லையென்றால் அவரது சேவை மையத்துக்குப் போய் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பதவியில் இருப்பவர் கவனமாக இருப்பார்.

ஓட்டுச் சாவடியில் நம் கையை யாரும் பார்ப்பதில்லை, அல்லாஹ் பார்க்கிறான். அந்தச் சாட்சியத்தை நேர்மையாகச் சொல்லும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அவன் அருள்வானாக. ஆமீன்.