அரசியல் கருத்தும் வெறுப்புக் குற்றச் சட்டமும்

ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்துவது எல்லா நாடுகளிலும் குற்றமே. அவர் இன்ன இனத்தவர், இன்ன சமயத்தவர் என்னும் காரணத்துக்காகவே அவரைத் தாக்குவதைப் பல நாடுகளின் சட்டங்கள் மேலும் கடுமையான குற்றமாகக் கருதுகின்றன. இதுவே வெறுப்புக் குற்றம் எனப்படுகிறது. ஒருவர் கொண்டுள்ள அரசியல் கருத்துக்காக அவர் தாக்கப்பட்டால், அதனையும் இவ்வகையில் சேர்க்கலாமா என்பது இன்று எழுந்துள்ள வினாவாகும்.

கோட்பாட்டின் அடிப்படை

வெறுப்புக் குற்றத்தில் தாக்கப்படுபவர் ஒருவர், அச்சுறுத்தப்படுபவர் பலர். அவரை ஒத்த அனைவருக்கும் 'நாளை உங்களுக்கும் இதே கதி' என்னும் எச்சரிக்கை அதில் அடங்கியுள்ளது. கூடுதல் தண்டனைக்கு இதுவே நியாயமாகக் கூறப்படுகிறது. எனினும், தண்டிக்கப்படுவது செயலா, சிந்தனையா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டில், வெறுப்பை வெளிப்படுத்தும் குறியீடுகளைத் தடைசெய்த செயின்ட் பால் நகரச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. மறு ஆண்டில் விஸ்கான்சின் மாநில வழக்கொன்றில், பாதிக்கப்பட்டவரை இனங்கருதித் தேர்ந்தெடுத்துத் தாக்கியவருக்குக் கூடுதல் தண்டனை விதிப்பது செல்லுமென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கருத்தைத் தண்டித்தலாகாது, கருத்தினால் தூண்டப்பட்ட குற்றச் செயலை மிகுதியாகத் தண்டிக்கலாம் என்பதே இவ்விரு தீர்ப்புகளும் வகுத்த எல்லையாகும்.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1968-ஆம் ஆண்டிலேயே இனம், நிறம், சமயம், தேசிய மூலம் ஆகியவற்றை முன்னிட்ட சில வன்செயல்களைத் தனிக் குற்றமாக்கியது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம், பாலியல் நாட்டம், பாலின அடையாளம், உடற்குறை ஆகியவற்றையும் சேர்த்தது. அரசியல் கருத்து இப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் தலைநகர் வாஷிங்டனை உள்ளடக்கிய கொலம்பியா மாவட்டத்தின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்டவரின் அரசியல் சார்பையும் ஒரு காரணமாக ஏற்கிறது. அங்கு நீதிமன்றம் வழக்கமான உச்சத் தண்டனையின் ஒன்றரை மடங்குவரை விதிக்கலாம்.

2017-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று விர்ஜீனியா மாநிலத்தில் பேஸ்பால் பயிற்சியில் ஈடுபட்டிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினரைத் தாக்குவது அந்நாட்டில் தனிக் குற்றமாகும். தெருவில் துண்டறிக்கை வழங்கும் எளிய தொண்டருக்கு அத்தகைய தனிக் காப்பு இல்லை. ஆகவே, இவ்வினாவின் முதன்மை தலைவர்களைவிடச் சாதாரணக் குடிமக்களையே சார்ந்ததாகும்.

இந்தியச் சட்டத்தின் நிலை

நம் நாட்டில் வெறுப்புக் குற்றம் என்னும் பெயரில் தனிச் சட்டம் இல்லை. 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்குமாறு நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)-ஆம் பிரிவு, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறப்பிடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை அல்லது இவை போன்ற பிற காரணத்துக்காகக் கொலை புரிவதைத் தனியே குறிப்பிடுகிறது. கொடுங்காயம் விளைவிப்பதற்கு 117(4)-ஆம் பிரிவு இதே காரணங்களைக் கூறுகிறது.

'தனிப்பட்ட நம்பிக்கை' என்பதில் அரசியல் நம்பிக்கையும் அடங்குமா? சொற்பொருளை நோக்கின் அடங்கும் என வாதிடலாம். சட்டம் அதனை வெளிப்படையாகக் கூறவில்லை. மேலும், இவ்விரு பிரிவுகளின் உச்சத் தண்டனை, சாதாரணக் கொலைக்கும் கொடுங்காயத்துக்கும் உரிய உச்சத் தண்டனையைவிட மிகுதியானதன்று. தனி ஒருவர் புரியும் தாக்குதலுக்கு இவை பொருந்தா.

அரசியல் உரிமைக்கும் வெறுப்புக் குற்றத்துக்கும் உள்ள தொடர்பை நம் சட்டம் முன்னரே உணர்ந்துள்ளது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்குமாறோ வாக்களிக்காதிருக்குமாறோ அச்சுறுத்துவதை வன்கொடுமையாகக் கொள்கிறது.

ஆதரவும் மறுப்பும்

பிறப்பால் வந்த அடையாளத்தை மாற்ற இயலாது. அரசியல் கருத்தையோ மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இதற்குத் தனிக் காப்பு வேண்டியதில்லை என்பர் சிலர். சமயத்தையும் மாற்றிக்கொள்ள இயலும். எனினும் சட்டம் அதனைக் காக்கிறது. அடி உதைக்கு அஞ்சி ஒருவர் தம் கருத்தைக் கைவிட நேர்ந்தால், தேர்தலே பொருளற்றதாகிவிடும்.

மற்றொரு மறுப்பு வலுவானது. கடுமையான கண்டனமும் எதிர்வாதமும் மக்களாட்சியின் உயிர்மூச்சாகும். காவல்துறையைத் தம் பிடியில் வைத்திருக்கும் ஆளுங்கட்சியினர் இத்தகைய சட்டத்தை எதிர்க்கட்சியினர்மீது ஏவக்கூடும். இவ்வச்சத்தைப் புறக்கணித்தலாகாது. எனவே, சட்டம் கொலை, காயம், தீவைப்பு போன்ற, முன்னரே குற்றமாக உள்ள செயல்களுக்கு மட்டுமே பொருந்துதல் வேண்டும். பேச்சும் எழுத்தும் அதன் எல்லைக்குள் வருதல் கூடாது.

மெய்ப்பித்தலின் இடர்ப்பாடு

இரு கட்சித் தொண்டர்கள் மோதிக்கொண்டால், காரணம் கருத்து வேற்றுமையா, நிலத் தகராறா, ஒப்பந்தப் போட்டியா எனப் பிரித்தறிவது அரிது. நோக்கத்தை மெய்ப்பிப்பதன் கடினம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வரலாற்றில் தெளிவாகும். அதன் 3(2)(v) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் 'என்னும் காரணத்தால்' குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என முதலில் கூறியது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதனை 'என அறிந்து' என மாற்றியது. இத்தளர்வை அரசியல் கருத்துக்கு நீட்டித்தல் பொருந்தாது. ஓர் ஊரில் இன்னார் இன்ன கட்சியினர் என்பது எல்லோரும் அறிந்ததே. அவ்வறிவையே குற்றநோக்கின் சான்றாகக் கொண்டால் ஒவ்வொரு சச்சரவும் வெறுப்புக் குற்றமாகிவிடும்.

ஆகவே, அரசியல் கருத்தைச் சேர்ப்பதாயின், சட்டத்தின் சொற்கள் தெளிவாக அமைய வேண்டும். நோக்கம் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். எக்கட்சியினராயினும் விசாரணை ஒரே தன்மையதாதல் வேண்டும். தாம் வெறுக்கும் கருத்தைக் கொண்டவரும் அச்சமின்றித் தெருவில் நடக்கலாம் என்னும் உறுதியைக் குடிமக்கள் பெறுவதே இச்சட்டத்தின் நோக்கமாகும். அவ்வுறுதியை நடைமுறையில் அளிக்க வேண்டியவர்கள், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யும் அலுவலர்களே.