ரத்தம் வந்தால் எல்லாம் மூலம்தானா?

கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம்' விளம்பரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆசனவாயில் ரத்தம் கண்ட ஆண் முதலில் நம்புவது அந்தச் சுவரைத்தான். லாரி ஓட்டுபவர் என்றால் கேட்கவே வேண்டாம், "சீட்டுச் சூடு" என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் ஹெச்.ஐ.வி.யோடு வாழும் ஆணுக்கு வேறொன்றும் காரணமாகலாம்: ஹெச்.பி.வி. தொற்று பல ஆண்டுகள் தங்கி உண்டாக்கும் ஆசனவாய்ப் புற்றுநோய்.

"ஹெச்.பி.வி. பொம்பளைங்களுக்கு வர்றதுதானே?"

கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு சேர்த்தே அந்தப் பெயரைக் கேட்டுப் பழகியதால் வந்த எண்ணம் இது. தோலும் தோலும் படுவதால் பரவும் கிருமி அது, ஆணுக்கும் வரும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது.

"ஆணோடு உறவு வைத்தவருக்கு மட்டும்தான் அந்த இடத்தில் வரும்."

பிரேசில், மெக்சிகோ, அமெரிக்காவில் ஹெச்.ஐ.வி. இல்லாத ஆண்களைச் சோதித்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஆண்களோடு உறவு கொள்பவர்களில் 47 சதவீதம் பேரிடம் ஆசனவாய்த் தொற்று இருந்தது. பெண்களோடு மட்டும் உறவு கொள்பவர்களிலும் 12 சதவீதம் பேரிடம் இருந்தது. ஆகவே ஒரு முடிவுச் சீட்டை வைத்துக்கொண்டு யாருடைய அந்தரங்கத்தையும் தீர்மானிக்காதீர்கள். குடும்பம் உடைய அது காரணமாகக் கூடாது.

"கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறேன், அதுவே எல்லாவற்றையும் அடக்கிவிடும்."

நான் அதிகம் கவலைப்படுவது இந்த நம்பிக்கையைப் பற்றித்தான். கூட்டு மருந்தான ஏ.ஆர்.டி. மாத்திரை ஹெச்.ஐ.வி.யை அடக்கும், ஹெச்.பி.வி.யை நேராகத் தொடாது. எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவரிடம் இந்தத் தொற்று பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாக மறைகிறது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை ஒருமுறை மிகவும் இறங்கிப்போனவரிடம் அது தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கணக்குப்படி, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களில் 93 சதவீதம், இல்லாதவர்களில் 64 சதவீதம் பேரிடம் ஹெச்.பி.வி. இருந்தது. புற்றுக்கு முக்கியக் காரணமான 16ஆம் வகை முறையே 35, 12.5 சதவீதம். நம் நாட்டில் ஹெச்.ஐ.வி. உள்ள இத்தகைய ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்விலும் மிகப் பெரும்பாலோரிடம் தொற்று இருந்தது.

தொற்று வந்த எல்லோருக்கும் புற்று வராது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களில்கூட ஆண்டுக்கு லட்சத்தில் 85 பேருக்கே வருகிறது, ஹெச்.ஐ.வி. இல்லாதவர்களில் சுமார் 19. இரண்டுமே பொதுமக்களுக்கு வருவதைவிடப் பல மடங்கு. கூட்டு மருந்தின் புண்ணியத்தில் ஹெச்.ஐ.வி. உள்ள நம் ஆட்கள் இன்று 50, 60 வயது தாண்டி வாழ்கிறார்கள். அந்தப் புற்று தலைகாட்டுகிற வயதும் அதுவே.

"கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?"

ஆகும். ஹெச்.ஐ.வி. உள்ள 35 வயது தாண்டிய ஏறத்தாழ 4,450 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆன்கர் ஆய்வு 2022இல் வெளியானது. புற்றுக்கு முந்தைய திசு மாற்றத்தை அகற்றியவர்களிடம் புற்றுநோய் 57 சதவீதம் குறைந்தது. அதற்கு வேண்டிய நுண்கருவிச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் விரல் விட்டுப் பார்ப்பதற்குக் கருவி எதற்கு? கோவை அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போதே, "ஆசனவாயையும் ஒருமுறை பார்க்கணும் டாக்டர்" என்று சொல்லலாம், சர்ஜனிடம் அனுப்புவார்கள். ரத்தமோ கட்டியோ ஆறாத வலியோ இருந்தால், மூல மருந்தில் மாதங்களைக் கழிக்காமல் சதைப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆண்களுக்கும் உண்டு. சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 9 முதல் 26 வயதுவரை இருபாலருக்கும் 2022இல் அனுமதி பெற்றது. ஏற்கெனவே உள்ள தொற்றை அது நீக்காது, ஹெச்.ஐ.வி. உள்ளவருக்கு மூன்று தவணை வேண்டும்.

சர்ஜனிடம் ஹெச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லுங்கள். அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது. இதுவரை ஹெச்.ஐ.வி. சோதனையே செய்யாதவர்களுக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் அது இலவசம், விவரத்துக்கு 1097 எண்ணை அழையுங்கள்.